சராசரி வாடிக்கையாளர்

தலையணைக் கம்பெனியை நடத்துவது அக்கா. எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில் இருந்த கிளையைத் தம்பி பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொண்டான் என்றால், ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த வருஷமும் தேறாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். சொன்ன அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தலையணை வாங்குபவரிடம் பிறந்த தேதி, படுக்கும் விதம் எல்லாம் கேட்டு, இணையக் கிடங்கான கிளவுடில் ஏற்றுவார்கள். அது அலசிப் பிழிந்து, படம் படமாக அக்காவின் திரையில் காட்டும். அந்த நாட்டிலோ புதுச் சட்டம் வந்தது. தனி ஆளின் விவரம் எதுவும் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது; மொத்தமும் சராசரியும் மட்டும் எல்லை தாண்டலாம். அக்கா அந்தச் சட்டத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தம்பி அதை மனப்பாடமே செய்துவிட்டான். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவளும் பூரித்துப்போனாள், பாவம்.

அதற்குப் பிறகு கிளையில் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சராசரி வாடிக்கையாளர் யார் என்று பார்த்தாள். ஆண், முப்பத்தெட்டு வயது, இடப்பக்கம் திரும்பிப் படுப்பவர், குறட்டை உண்டு. மாதாமாதம் அச்சு அசலாக அதே ஆள். அந்த ஊர் ஜனங்களின் ஒற்றுமையை மெச்சி, இடப்பக்கக் குறட்டைக்காரர்களுக்கென்றே ஒரு புதுத் தலையணை தைக்கச் சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் காலையில் திரையைத் திறந்தால், சராசரி வயது முப்பத்தொன்பது. ராத்திரியோடு ராத்திரியாக ஊர் முழுக்கவா ஒரு வயது ஏறும்? கிளவுடுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள். சற்று முன்பு அதே போனில் தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

தம்பியை அழைத்து, அங்கே தலையணை வாங்குவது யார் என்று நேராகவே கேட்டாள்.

"சட்டப்படி சொல்லக் கூடாதுக்கா," என்றான்.

வீட்டில் நடக்க இடமிருக்கிறதா என்று கேட்டாள். சமையலறை வரை தலையணை அடுக்கியாகிவிட்டது, குளியலறை மட்டும்தான் பாக்கி என்று மெல்ல ஒப்புக்கொண்டான்.

"கடையை மூடிட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா அங்க வருவேன்?"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"விவரம் எதுவும் எனக்கு வேணாம்டா," என்றாள் அக்கா. "அந்தச் சராசரி வாடிக்கையாளர் எல்லை தாண்டலாம்ல? கிளம்பி வீட்டுக்கு வரச் சொல்லு."