மலர்வளைய ஒத்திகை

மலர்வளையத்துக்குப் பதிலாக என் கையில் ஒரு ஸ்கூட்டர் டயரைக் கொடுத்தார்கள். நிஜ வளையம் நாளைக் காலையில்தான் வருமாம். இன்றே வந்தால் வாடிவிடும். சிறப்பு விருந்தினருக்குப் பதிலாக நகராட்சி மேற்பார்வையாளர் நின்றார். வயிறு பொருந்தியதால்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். பேண்டு வாத்தியத்துக்குப் பதில் ஒருவர் கைபேசியில் பாட்டு வைத்தார். இறந்தவர்களின் வீட்டார் மட்டும் அசல்.

"மெதுவா வாங்க தம்பி. நெஞ்சுக்கு நேரா பிடிங்க," என்றார் விழா அதிகாரி. கழுத்தில் விசில் தொங்கியது. "வச்சதும் ரெண்டடி பின்னால வந்து தலையைக் குனிஞ்சு நில்லுங்க. அழுகை வந்தா அடக்க வேணாம். ஆனா கைக்குட்டை வலது கையில இருக்கட்டும். கேமரா இடது பக்கம்."

டயரை வைத்தேன். இரண்டடி பின்னால் வந்தேன். அழுகை வரவில்லை. அவள் போனதிலிருந்தே வரவில்லை.

எதிரே சுவர். இந்தப் பகுதியிலிருந்து படைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களையெல்லாம் அதில் வெட்டியிருக்கிறார்கள். கருங்கல்லைக் கண்ணாடி போல இழைத்திருந்ததால் பெயர்களுக்குப் பின்னால் காலி நாற்காலிகளும் வானமும் என் சட்டையும் தெரிந்தன. கடைசிப் பலகை புதியது. எழுத்துகளுக்குள் இன்னும் வெள்ளைத் தூள் இருந்தது. ஒருவன் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். என் மனைவியின் பெயரைத் துடைக்கும்போது துணி ஓர் எழுத்தின் கொம்பில் மாட்டியது. நகத்தால் எடுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனான்.

பிறகு அறிவிப்பாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி வைத்திருந்ததை வாசித்துப் பழகினார். நல்ல குரல். அவளுடைய முறை வந்தது. "எதிரியின் குண்டுமழைக்கு நடுவே, தன்னுயிரைத் துச்சமென மதித்து, போர்முனை வீரர்களின் தாகம் தீர்க்கத் தண்ணீர் லாரியைச் செலுத்திச் சென்ற வீராங்கனை."

தண்ணீர் லாரி உண்மை. குண்டுமழை பொய். அன்றைக்கு அங்கே யாரும் ஒரு தோட்டாவைக்கூடச் சுடவில்லை. தண்ணீரை இறக்கிவிட்டுக் காலித் தொட்டியோடு மலையிறங்கி வரும்போது வளைவில் லாரி நிற்கவில்லை. அவ்வளவுதான்.

விழா அதிகாரியிடம் போனேன். "சார், அந்த வரி தப்பு. அது எப்படி நடந்ததுன்னு இன்னும் விசாரணை நடக்குது. என்னை மறுபடி கூப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமனாரைப் பார்த்தார். "அது போன மாசமே முடிஞ்சுதே தம்பி. பொண்ணு போன்ல சொன்னது எதுவும் தனக்குக் கேக்கலைன்னு உங்க மாமனார்தான் நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரு. அவரு வந்ததாலதான் பேரே ஏறுச்சு. இல்லேன்னா விபத்துன்னு ஒதுக்கியிருப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாவம், காது கேக்காத மனுஷன். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாரு."

காது கேட்காத மனுஷன்.

நான் மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவன். சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. உள்ளே ஒருவரை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு வெளியே இருந்து சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவேன். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவள் கடைசி விடுமுறையில் வந்திருந்தபோது தன் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த அறைக்குள் உட்கார வைத்தாள். "அம்மா கூப்பிட்டா மட்டும் இவருக்குக் கேக்க மாட்டேங்குது. என்ன கோளாறுன்னு பாரு," என்றாள். பார்த்தேன். இருபது வருஷம் படையில் வண்டி ஓட்டியவருக்கு அப்படி ஒரு காது இருப்பதே ஆச்சரியம். எனக்கே கேட்காத சத்தத்துக்கெல்லாம் பட்டனை அழுத்தினார். "கோளாறு காதுல இல்ல, கல்யாணத்துல," என்றேன். கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். உள்ளே இருந்தவர் என்ன என்ன என்று கேட்டார்.

அவள் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில்தான் இருந்தார் மாமா. நகம் வெட்டிக்கொண்டிருந்தார். போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். லாரியைப் பற்றிச் சொன்னாள். "பிரேக்கை மிதிச்சா மனு வாங்குற மாதிரி வாங்கி வச்சுக்குதுப்பா. நடவடிக்கை ஒண்ணும் இல்ல." பழுது பார்க்கும் இடத்தில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டதாம். வேறு வண்டி இல்லை, ஓட்டு என்றார்களாம். நான் ஓட்டாதே என்றேன். "நீ காதைப் பாரு, நான் ரோட்டைப் பாக்குறேன்," என்றாள். மாமா நகவெட்டியை வைத்துவிட்டு போன் பக்கம் குனிந்தார். "லோ கியர்லயே இறங்கு. ஒண்ணும் ஆகாது." "சரிப்பா," என்றாள்.

அவள் அப்படிப் புகாரே செய்யவில்லை என்று பழுது பார்ப்பவர்கள் பிறகு சாதித்தார்கள். வேகமாக ஓட்டியிருப்பாள் என்றார்கள். அவள் சொன்னதற்கு நாங்கள் இருவர்தான் சாட்சி. கட்டியவன் சொன்னால் கட்டியவன் சொல்வதுதான். படையில் இருந்த தகப்பன் சொன்னால் எடுபடும். அடக்கம் முடிந்த அன்று மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடமாட்டேன் மாப்ள. அவனுங்களை நாலு கேள்வி கேக்காம என் கட்டை வேகாது." அந்தப் பிடியை நம்பித்தான் இத்தனை நாளும் எழுந்தேன், குளித்தேன், வேலைக்குப் போனேன். வாரம் தவறாமல் வந்தார். நான் ஆக்கியதைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்பேன். "அவங்க நேரம் எடுத்துப்பாங்க மாப்ள. கொஞ்சம் குழம்பு ஊத்துங்க," என்பார். போன வாரம்கூடச் சொன்னார்.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷூவெல்லாம் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"காது கேக்கலைன்னு சொன்னீங்களா மாமா?"

சுவரைப் பார்த்தார். "பேரைப் பாத்தீங்களா? நல்லா வெட்டியிருக்கான்."

"சொன்னீங்களா?"

"விபத்துன்னா பேர் ஏறாதுன்னு சொல்லிட்டாங்க மாப்ள. பிரேக் பேச்சை விட்டா ஏத்துறோம்னாங்க. லாரி கவுந்து செத்தவ கணக்குல போயிருப்பா. உங்க அத்தைக்கு வந்து நிக்க ஒரு இடம் வேணாமா?"

"அதே லாரியைத் தட்டி நிமித்தி இன்னும் ஓட விட்டிருக்காங்க. முகாம்ல அவகூடத் தங்கியிருந்த பொண்ணுதான் இப்ப ஓட்டுறா. பிரேக்கை இன்னும் சரி பண்ணலைன்னு எனக்குப் போன் பண்ணிச் சொல்றா. நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல?"

மேற்பார்வையாளர் வெட்டுவதற்கு ரிப்பன் இல்லாமல் காற்றில் கத்தரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு மாமா பேசினார். ரொம்ப மெல்லிய குரல்.

"நான் கேட்டேன்னு சொன்னா, கேட்டுட்டு நீங்க என்ன சொன்னீங்கன்னு அடுத்த கேள்வி வரும் மாப்ள. நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்ல."

தெரியும்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தான் என்று சொல்வார்கள். அறுத்தவன் கெட்டவனாகத் தெரிந்தால் சுலபம். இவர் பிடரி வியர்த்து, சட்டைக் காலர் நனைந்து, என் தோளுக்கு ஓரங்குலத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கு என்று அவர் சொன்னதை நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டவும் மாட்டேன். அது அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்கு வந்து வளையம் வச்சிருவீங்கல்ல மாப்ள?" என்றார்.

எழுந்து போனேன். எங்கே போவதென்று தெரியாமல் மேடையோரம் நின்றேன். ஒலிபெருக்கிக்காரர் தோளில் வயர்ச் சுருளோடு வந்தார்.

"சார், சும்மாதானே நிக்கிறீங்க. மைக்ல ரெண்டு வார்த்தை பேசுங்க. நான் கடைசி வரிசைக்குப் போய் கேட்டுப் பாக்கணும்."

"என்ன பேசறது?"

"எதை வேணா பேசுங்க. எல்லாரும் ஒண்ணு ரெண்டு மூணுதான் சொல்வாங்க. தலைவருங்ககூட அதுக்கு மேல தாண்ட மாட்டாங்க."

அவர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கை காட்டினார். மைக்கின் உயரம் எனக்குச் சரியாக இருந்தது.

"அன்னைக்கு யாரும் சுடல," என்றேன். "அவ ஓட்டின லாரிக்கு பிரேக் பிடிக்கல. ரெண்டு தடவை சொல்லியிருக்கா. யாரும் சரி பண்ணல. எங்ககிட்டயும் சொன்னா. நாங்க ரெண்டு பேரும் கேட்டோம்."

என் குரல் நான்கு கம்பங்களிலிருந்தும் வந்தது. சுவரில் பட்டு ஒரு கணம் பிந்தித் திரும்பவும் வந்தது. நாளைய திறப்புக்காகச் சுவரின் மேல் துணியை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். துணி பாதியில் தொங்கியது. விழா அதிகாரி விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.

"அந்த லாரி இன்னும் அதே ரோட்டுல ஓடுது."

கடைசி வரிசையிலிருந்து ஒலிபெருக்கிக்காரர் கையைத் தூக்கினார். "இங்க வரைக்கும் தெளிவா கேக்குது சார். இன்னும் கொஞ்சம் பேசுங்க."

முன்வரிசையில் மாமா குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு முனையை இன்னொன்றின் மேல் போட்டு இழுத்தார். மறுபடி அவிழ்த்தார்.