லுசீனாவின் காளான் கத்தி

கத்தியைத் தொலைத்ததுகூடப் பரவாயில்லை. தொலைத்த இடத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் என் தலையெழுத்து.

வளைந்த கத்தி. பிடியின் முனையில் மண் தட்ட ஒரு குட்டிப் பிரஷ். சருகில் விழுந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்று பிடி முழுக்கச் சிவப்பு டேப் சுற்றியிருந்தாள் லுசீனா. என் கத்தி உடைந்துபோனதால் வியாழக்கிழமை அவளுடைய சலூனுக்குப் போய் இரவல் கேட்டேன். யாருக்கோ தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"எங்கடி போகப்போற, யாட்விகா?"

"வேற எங்க? கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாலதான்."

சாயம் பூசிக்கொண்டிருந்தவள், பூசப்பட்டவள், நான், மூவரும் சிரித்தோம். எங்கள் சுப்ராஷ்ல் ஊரில், காளான் எடுக்க எங்கே போகிறாய் என்று யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் விஷக் காளானைத் தவிர ஒன்றும் முளைப்பதில்லை. அவரவர் இடம் அவரவருக்கு. என் இடத்தை நான் மியெட்டெக்கிடம்கூடச் சொன்னதில்லை. அவன் இருபத்தெட்டு வருடமாக என் புருஷன்.

லுசீனாவின் இடம் எனக்குத் தெரியவந்தது தற்செயலாகத்தான். ஆகஸ்ட் கடைசியில் பஸ்ஸில் வரும்போது, உடைந்த பாலத்துக்குப் பக்கத்துப் புதரில் அவள் சைக்கிள் செருகியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தது தப்பில்லை. பார்த்ததை மனதில் முடிந்து வைத்துக்கொண்டதுதான் தப்பு. வெள்ளிக்கிழமை காலையில் என் கால் தானாகவே அந்தப் பாலத்துக்குப் போயிற்று. அவள் கத்தியை எடுத்துக்கொண்டு, அவள் காட்டுக்கு.

சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஓக் மரத்தடியில் போரோவிக் காளான்கள் பழுப்புத் தொப்பி போட்டு வரிசையாக நின்றிருந்தன. அதற்குப் பிறகு எனக்குக் கண்மண் தெரியவில்லை. இருபத்துமூன்று. வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்தேன். காளான் இருந்தது, கத்தி இல்லை.

சனிக்கிழமை மறுபடி போனேன். மழை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் காட்டுக்குப் போனேன். அதே மழை, அதே சருகு, கத்தி மட்டும் இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது.

"ஒரு கத்திக்கா இந்தப் பாடு?" என்றான் மியெட்டெக். "தொலைஞ்சுபோச்சு, மன்னிச்சுக்கோன்னு சொன்னா முடிஞ்சுது. உன் தலையையா வாங்கப்போறா?"

"எங்க தொலைச்சேன்னு கேப்பாளே."

"எங்க தொலைச்ச?"

"கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால."

"எங்கிட்டயேவா?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை லுசீனாவே போன் செய்தாள்.

"மழை விட்டுருச்சுடி. நாளைக்குக் காலைல போறேன். கத்திய சாயங்காலம் கொண்டாந்து குடு."

"லுசீனா, கோவிச்சுக்காத. கத்திய பஸ்ல விட்டுட்டேன்."

"எந்த பஸ்ல?"

"அதான்... வெள்ளிக்கிழமை, காளான் எடுத்துட்டு வரும்போது."

"கல்லறைத் தோட்டத்துலேந்து உன் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. அதுக்கு எந்த பஸ் ஓடுது?"

"கால் வலிச்சுது, அதனால..." என்று ஏதோ உளறினேன். அவள், "சரி விடு. காய் நறுக்குற கத்தி இருக்கு" என்று போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கும் பேக்கரியில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கறுப்பு ரொட்டி கேட்டவருக்குக் கசகசா கேக்கை எடுத்துக் கொடுத்தேன். இப்போது பாலத்தைத் தாண்டியிருப்பாள். இப்போது ஓக் மரத்தடியில் குனிந்திருப்பாள். வெட்டிய தண்டுகளைப் பார்த்திருப்பாள். கடையின் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. அவள் வரவில்லை. போனும் செய்யவில்லை. வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதன்கிழமை பியாவிஸ்டாக் நகரத்துக்குப் போய், இருப்பதிலேயே நல்ல காளான் கத்தியாகப் பார்த்து வாங்கினேன். வியாழக்கிழமை சலூன் மூடும் நேரத்தில் போய் நின்றேன். லுசீனா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வா, உக்காரு. டீ போடறேன்."

குரலில் ஒன்றும் தெரியவில்லை. புதுக் கத்தியை எடுத்து நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள், கட்டைவிரலால் கூர் பார்த்தாள், "நல்லா இருக்கு. எதுக்குடி இவ்வளவு செலவு?" என்றாள். மேசைமேல் வைத்தாள். டீ ஊற்றினாள். மகளுக்கு வேலை கிடைத்ததைப் பற்றிப் பேசினாள்.

காசு கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் கத்தியை யாரும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஒரு செல்லாக்காசாவது பதிலுக்குக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது நட்பை அறுத்துவிடும். சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். என் டீ ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே டிப்ஸ் போடுகிற கிண்ணம் இருந்தது, நிறையச் சில்லறையோடு. நான் அதையே பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மகளின் சம்பளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "லுசீனா, காசு?"

"எதுக்கு?"

"கத்திக்கு."

"சில்லறை இல்லடி" என்றாள், கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு.

அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பஸ்ல விடல. பாலத்துக்கு அந்தப் பக்கம், உன் இடத்துல விட்டேன். உன் சைக்கிளப் பாத்துட்டு ஆசையில போயிட்டேன். உன் கத்திய வாங்கிட்டு உன் இடத்துலயே திருடினேன். அதுக்கு மேல பொய் வேற சொன்னேன். என்னை மன்னிச்சிரு. தப்பு, பெரிய தப்பு."

"எத்தன?"

"இருபத்திமூணு."

லுசீனா எழுந்து இழுப்பறையைத் திறந்தாள். சிவப்பு டேப் சுற்றிய கத்தியை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமையே கிடைச்சுது. ஓக் மரத்து வேர் இடுக்குல செருகி வெச்சுட்டு வந்திருக்க, மழையில சருகு விழுந்து மூடியிருந்துச்சு. இந்தக் கத்தியப் பாக்கறதுக்கு முன்னாடியே நீதான்னு தெரியும். விரல் அளவு குஞ்சுக் காளான் மூணை வெட்டாம, சருகு போட்டு மூடிட்டுப் போயிருக்க. இந்த ஊர்ல திருட வந்த எடத்துலயும் அப்படிச் செய்யற பைத்தியம் நீ ஒருத்திதான்." டேப்பின் பிரிந்த முனையை விரலால் அழுத்தி ஒட்டினாள். "பஸ்ஸுன்னு சொன்னியே, அதைத்தான்டி தாங்க முடியல. மூணு நாளா நீயா வந்து சொல்லுவேன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன்."

புதுக் கத்தியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

அவள் கிண்ணத்தில் கையை விட்டு ஒரு காசை எடுத்து மூடிக்கொண்டாள். "இப்ப உன் இடத்தச் சொல்லு. சொன்னா காசு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிலைமையிலும் என் வாய் திறக்கவில்லை. அழுது மன்னிப்புக் கேட்ட அதே வாய்தான். என் நாக்கு நுனியில் கல்லறைத் தோட்டம் வந்து நின்றது.

"கல்லறைத் தோட்டம்னு சொன்ன, ரெண்டு கத்தியையும் எடுத்துக்கிட்டு வெளிய போயிரு" என்றாள் லுசீனா.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "தண்ணித் தொட்டிக்குப் பின்னால. ரெண்டாவது பள்ளத்தத் தாண்டினா, இளம் பைன் மரங்க. செப்டம்பர்ல அங்க செங்காளான் கொட்டிக் கிடக்கும்."

சொல்லி முடித்ததும் ஏதோ ஒன்றைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. லுசீனாவின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. எழுதிக்கொள்ளவில்லை, திருப்பிக் கேட்கவில்லை. கையை விரித்து அந்த ஐந்து குரோஷ் காசை என் ஆறிப்போன டீக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "பதினோரு வருஷமாத் தெரியும். உன் பச்சை ஸ்கார்ஃப் அங்க முள்ளுல மாட்டியிருந்துச்சு, கழுத்துல சுத்திக்குவியே, அது. நான்தான் எடுத்துட்டு வந்து, நீ சலூன்ல விட்டுட்டுப் போயிட்டேன்னு சொல்லிக் குடுத்தேன்."

"அப்புறம் நீ அங்க..."

"அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் போனதில்ல."

துடைப்பத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். நான் காசை எடுத்துக்கொண்டேன். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.