ஒரு பெல்ட், இரண்டு பேர்

நெட்டை விழுந்ததை யாருமே பார்க்கவில்லை என்றுதான் சைட்டில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த நேரம் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்களாம். கம்பி கட்டுகிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்களாம். வாட்ச்மேனுக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். தெருவில் நடந்தால் திரும்பிப் பார்க்க வைக்கும் உயரம் அவருக்கு. அப்படிப்பட்ட மனிதர் மூன்றாவது மாடி உயரத்திலிருந்து மணல் குவியலில் வந்து விழுந்தபோது அத்தனை கண்களும் வேறெங்கோ இருந்திருக்கின்றன.

அவர் பெயின்டர். அவரும் அவருடைய தம்பி சின்னவனும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். வெளிச்சுவருக்கு வர்ணம் அடிக்க, மொட்டை மாடியிலிருந்து இரண்டு கயிறுகளில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்கள். அதைத் தொட்டில் என்பார்கள். "இது குழந்தையைத் தூங்க வைக்கிற தொட்டில் இல்ல, ஆளையே தூங்க வெச்சிடும்" என்று நெட்டையே கிண்டலடிப்பார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கக் கயிறு நழுவியது. பலகை செங்குத்தாகச் சாய்ந்தது. சின்னவன் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. அதைத் தனிக் கயிற்றில் மாட்டியிருந்ததால் அவன் சுவரில் மோதி அந்தரத்தில் தொங்கினான். நெட்டை இடுப்பில் ஒன்றும் இல்லை.

உயிர் தப்பிவிட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை.

நெட்டையின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். தெருவில் அவளுக்கு டைலரக்கா என்று பெயர். ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் அவள் குடியேறிய பிறகு, கம்பெனி மேனேஜர் நாள் தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் பழம் வாங்கி வந்தார். டாக்டரைப் பார்த்தார், நர்ஸுகளிடம் விசாரித்தார், நெட்டையின் போர்வையைக்கூட இழுத்து மூடிவிட்டார். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். அதுதான் அவளுக்கு இடித்தது.

ஒரு நாள் பழப் பையோடு ஒரு காகிதமும் வந்தது.

"நேரம் சரியில்ல தங்கச்சி, வேற என்ன சொல்றது" என்றார் மேனேஜர். "ஆளுக்கொரு பெல்ட் குடுத்திருந்தோம். அண்ணன் இறுக்குதுன்னு கழட்டி வெச்சிட்டாரு போல. பரவாயில்ல, கம்பெனி கைவிடாது. ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் எங்க பொறுப்பு."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேன் சார்."

"படிக்க என்ன இருக்கு? வழக்கமா எழுதறதுதான்." அவர் சிரித்தபடி எழுந்தார். "சின்னவனைப் பத்தியும் கவலைப்படாதீங்க. அவன் நம்ம பையன். இப்பகூட மேலதான் நிக்கறான்."

அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு உறைத்தது. அண்ணன் விழுந்த அதே சுவரில், அதே தொட்டிலில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் பக்கத்துக் கட்டில்காரரின் அம்மாவிடம் நெட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் வக்கீல் ஒருவரைத் தேடிப் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. கீழேயிருந்து மெஷின் சூடும் மை வாசனையும் ஏறி வந்தன. வக்கீலம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே முதலில் ஒன்றுதான் கேட்டார்.

"ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப உட்காருங்க."

காகிதத்தைப் படித்துவிட்டு மேசையில் குப்புறக் கவிழ்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டா இனிமே எதுவும் கேட்கமாட்டேன்னு எழுதிக் குடுத்த மாதிரி. உடைக்கலாம், ஆனா நாக்குத் தள்ளிடும். போடாதவரைக்கும் வழி இருக்கு. வேலை நேரத்துல அடிபட்டதுக்கு வேலை குடுத்தவங்க நஷ்டஈடு தரணும். அதுக்கு யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, அவரே கவனமில்லாம இருந்தாருன்னு சொல்லிக்கூட தட்டிக் கழிக்க முடியாது. ஆனா அது ஓரளவுதான் வரும். காலம் பூரா படுத்திருக்கப்போற மனுஷனுக்குப் பத்தாது."

"பத்தலன்னா?"

"அசட்டையா இருந்ததுக்குத் தனியா வழக்குப் போடலாம். காண்ட்ராக்டர் மேல மட்டும் இல்ல, கட்டடத்துச் சொந்தக்காரங்களையும் சேர்க்கணும். காண்ட்ராக்டர் நாளைக்கே பேரை மாத்திட்டு ஓடிடுவான், கட்டடம் ஓடாது. இதுக்குச் சாட்சி வேணும். அப்புறம் பாதுகாப்பு ஆய்வாளர்கிட்ட புகார். அதுல உங்களுக்கு ஒண்ணும் கைக்கு வராது. அடுத்த ஆள் விழாம இருப்பான், அவ்வளவுதான்." அவர் தும்மிவிட்டு நிமிர்ந்தார். "தொட்டில்ல பெல்ட் எத்தனை இருந்துச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. நெட்டைக்கோ விழுந்த அன்று காலை டிபனுக்குப் பிறகு நடந்த எதுவும் நினைவில்லை. தெரிந்தவன் ஒருவன்தான். அவன் அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

லீவு நாளில் அவள் சின்னவனின் அறைக்குப் போனாள். குழாயடியில் உட்கார்ந்து கையிலிருந்த பெயின்ட்டை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. தோல் சிவந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணி, என்னை எதுவும் கேட்காதீங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெல்ட் எத்தனைடா?"

அவன் வாளிக்குள் பார்த்தபடி சொன்னான். "ஒண்ணுதான் அண்ணி. எப்பவுமே ஒண்ணுதான். காலையில நான் போட்டுக்குவேன். சாப்பிட்டு வந்ததும் கழட்டி அண்ணனுக்குக் குடுப்பேன்."

"அன்னைக்கு விழுந்தது சாப்பாட்டுக்கு அப்புறம்தானே?"

அவன் துணியை வாளிக்குள் போட்டான். பிறகு ஒரேயடியாகக் கொட்டினான். "நான் கழட்டல அண்ணி. காத்து அடிச்சுது. பயமா இருந்துச்சு. அண்ணன் கேட்டா குடுக்கலாம்னு இருந்தேன். அவரு கேட்கல."

ஒரு கணம் அவளுக்குப் பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கி அவன் தலையில் போடலாம் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மேனேஜருக்குத் தெரியும்" என்றான் சின்னவன். "ஒரு பெல்ட்தான்னு நீ வாயைத் திறந்தா, அன்னைக்கு யாரோட முறைன்னுதான் முதல்ல கேப்பாங்க, அப்புறம் அண்ணி முகத்துல எப்படி முழிப்பேன்னாரு. ரெண்டு பெல்ட் இருந்துச்சுன்னு சொல்லச் சொல்றாரு."

"அதுக்கு நீ சரின்னுட்டியா?"

"ஒண்ணும் சொல்லல. தோள்ல தட்டிட்டு, மேல கயிறு கட்டறது யாருன்னு ஞாபகம் வெச்சுக்கோ தம்பின்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

மேலே கயிறு கட்டுபவனை சைட்டில் முடிச்சு என்று கூப்பிடுவார்கள். மேனேஜரோடு வந்தவன், அவர் எங்கே போனாலும் கூடப் போகிறவன். யாரோடும் பேசமாட்டான். நெட்டை விழுந்த அன்றும் கயிறு கட்டியவன் அவன்தான்.

"நாளையிலிருந்து நீ போகாதே."

"போகலன்னா நான் உங்க பக்கம்னு தெரிஞ்சுடும் அண்ணி. போனா…"

டைலரக்கா அந்தச் சூடு ஆறுவதற்குள் வக்கீலம்மாவிடம் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். முறை விஷயத்தையும் மறைக்கவில்லை.

"யாரோட முறைன்னு சட்டம் கேட்காதும்மா" என்றார் வக்கீலம்மா. "ரெண்டு ஆளை ஏன் ஒரு பெல்ட்டோட மேல ஏத்தினீங்கன்னுதான் கேக்கும். அந்தப் பையன்கிட்ட இதைப் போய்ச் சொல்லுங்க. ஆய்வாளருக்கு நான் இப்பவே போன்ல சொல்லிட்டு எழுதறேன்."

மறுநாள் காலையிலேயே திடீரென்று வந்து பார்ப்பதாக ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலம் அவள் வார்டில் நெட்டைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நாளைக்குச் சைட்டைப் பாக்க ஆளுங்க வராங்களாமே தங்கச்சி" என்றது மேனேஜரின் குரல், அதே கனிவோடு. "நல்லது, வரட்டும். சுவர் அழகா இருக்க வேணாமா? அதான் சின்னவனை விடியறப்பவே வரச் சொல்லியிருக்கேன்."

சின்னவனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அறைக்கு ஆள் அனுப்பினாள். பூட்டியிருந்தது.

காலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது சைட் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் புத்தம்புது பெல்ட்டுகள் வரிசையாகத் தொங்கின. கடையில் ஒட்டிய சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. மேலே, நான்காவது மாடி உயரத்தில், தொட்டிலில் சின்னவன் தனியாக நின்று சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் மேலே, மொட்டை மாடி விளிம்பில் முடிச்சு குத்தவைத்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னவனே! இறங்குடா!" என்று அவள் கத்தினாள்.

மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "கத்தாதீங்க தங்கச்சி. மேல இருக்கறவன் பதறுவான். பதறினா கால் தடுமாறும்."

அவர் சொன்னது உண்மை. கத்தினால் ஆபத்து. சும்மா இருந்தாலும் ஆபத்து. அண்ணாந்து பார்த்தபோது முடிச்சு எழுந்து விளிம்பிலிருந்து பின்னால் நகர்வது தெரிந்தது. அதற்கப்புறம் அவனைக் காணவில்லை.

அவள் மேனேஜரைத் தாண்டி நேராகப் படிக்கட்டுக்கு நடந்தாள். "அங்கே வெளியாள் போகக்கூடாது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. படிக்கட்டு வாசலில் நின்ற வாட்ச்மேன் அவளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த முறையும் அவர் எதையும் பார்க்கவில்லை.

கைப்பிடி இல்லாத படிகள். சுவரோடு ஒட்டி ஏறினாள். நான்காவது மாடியில் கதவோ சட்டமோ வைக்காத ஜன்னல் ஓட்டை ஒன்று இருந்தது. அதற்கு வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில், சின்னவனின் முழங்கால் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, தூங்குகிற குழந்தையை எழுப்புவது போல மெதுவாகக் கூப்பிட்டாள்.

"தம்பி. நான்தான். திரும்பாதே, அசையாதே, சொல்றதைக் கேளு. யாரோட முறைன்னு யாரும் கேட்கப்போறதில்லையாம். ஏன் ஒரு பெல்ட்னுதான் கேப்பாங்களாம். வக்கீலம்மா சொன்னாங்க."

பிரஷ் நின்றது.

"நீங்க கேக்கமாட்டீங்களா அண்ணி?"

அவள் பொய் சொல்லவில்லை. "இப்ப கேக்கமாட்டேன். முதல்ல உள்ளே வா. உனக்கும் சேர்த்து என்னால ரெண்டு கட்டிலைப் பாத்துக்க முடியாது."

அவன் குனிந்து உட்கார்ந்தான். பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினான். ஒரு காலை ஜன்னல் விளிம்பில் வைத்தான். பலகை சுவரைவிட்டு விலகியது. மேலே எங்கோ எதுவோ சரசரவென்று உரசும் சத்தம். அவள் அவன் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் முழு எடையோடு பின்னால் சாய்ந்தாள். இருவரும் சிமெண்ட் தரையில் உருண்டார்கள். வெளியே தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெயின்ட் டப்பா சுவரெல்லாம் வெள்ளையாக வழிந்தபடி கீழே போனது.

ஆய்வாளர் வந்து மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார். ஒரு பக்கக் கயிறு தூணில் ஒழுங்காகக் கட்டியிருந்தது. அறுந்ததென்று சொல்ல மறுபக்கக் கயிற்றில் ஒரு பிசிறுகூட இல்லை. தண்ணீர்க் குழாயில் வெறுமனே சுற்றி, நுனியை ஒரு மணல் மூட்டையின் கீழே செருகி வைத்திருந்தது தடத்தில் தெரிந்தது. பெல்ட்டின் கயிறும் அதே குழாயில்தான். முடிச்சு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. அந்தப் பெயர் கொண்டவனும் இல்லை. பின்படியால் இறங்கிப் போனவன் திரும்ப வரவேயில்லை. அது அலட்சியமா, அலட்சியத்துக்கும் மேலே வேறு ஏதாவதா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

வெளிச்சுவர் வேலைக்கு அன்றே தடை போட்டார்கள். சின்னவன் வாக்குமூலம் கொடுத்தான். அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். நெட்டை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பல வாரங்கள் தம்பியிடம் பேசவில்லை. சின்னவன் தினமும் வந்தான், புரட்டிப் படுக்க வைத்தான், துடைத்துவிட்டான், பேச்சில்லாமல் போனான். ஒரு நாள் அவன் கிளம்பும்போது நெட்டை, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாடா, முதுகு எரியுது" என்றார். சின்னவன் வராந்தாவுக்குப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதான். மன்னித்துவிட்டாரா என்று டைலரக்கா கேட்கவில்லை. தான் மன்னித்தோமா என்பதும் அவளுக்கே தெளிவாகவில்லை.

வழக்கு இழுத்தது. நடுவில் கம்பெனியின் பெயர்ப்பலகை ஒரு நாள் காணாமல் போனது. அதே ஆட்கள், அதே லாரிகள், பலகையில் மட்டும் வேறு பெயர். வக்கீலம்மா சொன்னது சொன்னபடியே நடந்தது. ஆனால் கட்டடம் ஓடவில்லை. சொந்தக்காரர்களும் வழக்கில் இருந்ததால் தீர்ப்பு வந்தபோது அவர்களால் கையை உதற முடியவில்லை. நெட்டை உள்ளவரை சிகிச்சைக்கும் பிழைப்புக்கும் வழி கிடைத்தது.

தீர்ப்பு நாளன்று அவள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் வந்தாள். எதிரே மேனேஜர் நின்றிருந்தார். அவர்மீது குற்றவழக்கு ஒன்றும் நிற்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணன் தெம்பா இருக்காரே! ரொம்ப சந்தோஷம் தங்கச்சி." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்னவன் இப்ப எந்த சைட்ல வேலை பாக்கறான்?"

அவள் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்தாள். நெட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் தோளை அழுத்தினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேனேஜரைக் கடந்தாள். வராந்தா முடியும்வரை பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள்.