கேற்றடிக் கூட்டம்

மனிதர் நெருப்பைச் சுற்றிக் கூடியிருக்கக் கற்றுக்கொண்ட நாளுக்குப் பிறகு, கூடி வாழும் கலையில் நிகழ்ந்த அடுத்த பெரும் பாய்ச்சல் மானிப்பாயில் நிகழ்ந்தது. சைக்கிள் கடை ஒன்றின் மேல்மாடியில். மழை பெய்தால் அங்கே மூலையில் ஒரு வாளி வைக்க வேண்டும்.

அந்த மாடியில் ஜெயதீபனும் அவனிடம் வேலைபார்த்த நிரோஜினியும் உருவாக்கிய மென்பொருளுக்கு 'இசைவு' என்று பெயர். சங்கங்களும் சபைகளும் நேரில் கூடாமலே கைப்பேசியில் பேசி முடிவெடுப்பதற்கானது. ஆளுக்கு ஏற்றபடியும் குழுவுக்கு ஏற்றபடியும் அது தன்னை மாற்றிக்கொள்ளும். கண் மங்கியவருக்கு எழுத்தைத் தானே பெருப்பிக்கும். எழுதப் பஞ்சிப்பட்டுச் சோம்பியிருப்பவருக்குக் குரலில் பேசும் வசதியை முன்னே கொண்டுவந்து வைக்கும். ஒருவர் தொடாத பொத்தானை அவருடைய திரையிலிருந்து மெல்ல ஒதுக்கிவிடும். பெரும்பாலானோர் தொடாவிட்டால் குழுவிலிருந்தே எடுத்துவிடும்.

பருத்தித்துறையில் ஒரு மீனவர் சங்கத்தில்தான் முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் 'மறுக்கிறேன்' என்ற சிவப்புப் பொத்தான் வளர்ந்து பாதித் திரையைப் பிடித்துக்கொண்டது. தலைவர் காலை வணக்கம் போட்டாலும் நாலு பேர் அதை அழுத்தினார்கள். சங்கம் நன்றாகவே நடந்தது.

அடுத்தது ஜெயதீபனின் சொந்த ஊர்ச் சனசமூக நிலையம். ஊருக்கு ஒரு கணினிக்காரன் வேண்டும் என்று அவனையும் செயற்குழுவில் சேர்த்திருந்தார்கள். தலைவர் சோமசேகரம், இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் கால்மணி நேரத்தில் தீர்மானங்களை அவர் முன்மொழிவார். சபை தலையாட்டும். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதப்படும்.

மறுப்பு இல்லாத ஊர் என்று இதற்கு அர்த்தமில்லை. மறுப்பு வாசல் கேற்றடியில் நடக்கும். கூட்டம் கலைந்து, ஒரு கால் நிலத்திலும் மறுகால் சைக்கிள் மிதியிலுமாக நின்றுகொண்டு, "உவருக்கென்ன விசரோ? வாசிகசாலைக்கு ஆரேன் ஊதாப் பூச்சு அடிப்பினமோ?" என்று தோட்டக்காரர் அருளம்பலம் தொடங்குவார். அடுத்தநாள் காலை ஒருவர், வேறு அலுவலாக வந்ததுபோலத் தலைவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பார். பின்னேரம் தலைவருக்குத் தாமாகவே ஒரு மறுயோசனை தோன்றும். வாசிகசாலை வெள்ளையாகவே இருக்கும்.

செயற்குழுவின் வழமைகளை ஆராய்வதற்காக ஜெயதீபன் பல கூட்டங்களில் இருந்து குறிப்பெடுத்தான். கூட்டம் முடிந்ததும் தலைவர் அவனை உள்ளே இருத்தி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுப்பார். அவன் வெளியே வரும்போது கேற்றடி வெறுமையாக இருக்கும். ஆகவே அவனுடைய ஆராய்ச்சியில் கேற்று வரவில்லை.

இசைவு வந்தது, கூட்டங்கள் நின்றன. "இனிச் சனத்தை மெனக்கெடுத்தத் தேவையில்லை. எல்லாம் போனுக்குள்ளை," என்றார் சோமசேகரம். அழுத்தினவரின் பெயர் பொத்தானுக்குப் பக்கத்திலேயே தெரியும். அதிபர் சேருக்கு எதிரே தன் பெயரைச் சிவப்பில் பார்க்க ஊரில் எவருக்கு மனம் வரும்? சிலர் அதைத் தொட்டுவிட்டு, உறுதிசெய்யாமல் விட்டார்கள். மாதங்கள் போகச் சிவப்புப் பொத்தான் ஒவ்வொரு திரையாகக் கழன்று, கடைசியில் குழுவிலிருந்தே போய்விட்டது.

அப்போதுதான் அந்தத் தீர்மானம் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் தகப்பனாரின் நினைவாக நிலையத்தின் பின்னறையைக் குளிரூட்டிய மண்டபமாக்கித் தர விரும்பினார். பின்னறையில் தக்சாயினியின் முன்பள்ளி நடந்துகொண்டிருந்தது. 'மாற்றிடம் பின்னர் ஆராயப்படும்' என்று ஒரு வரி இருந்தது. திரையில் பச்சைப் பொத்தான் மட்டும் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் அழுத்திவிட்டார்கள். 'உங்கள் குழு மிகவும் இசைவான குழு!' என்று இசைவு பூமாரி பொழிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தக்சாயினி மாடிப்படி ஏறி வந்தாள். ஜெயதீபனின் மகள் அவளிடம்தான் 'அ' எழுதப் படித்தவள்.

"தீபன் அண்ணை, மாசக் கடைசிக்குள்ளை அறையை விடட்டாம். பிள்ளையளை நான் எங்கை கொண்டுபோறது? மரத்துக்குக் கீழையோ?"

"கமிற்றி முடிவெல்லோ, தக்சா."

"ஆர் மறுத்தது?"

"ஒருத்தரும் இல்லை."

"அருளம்பலம் ஐயாவுமோ? அவரின்ரை பேரன் என்னட்டைத்தானே வாறவன்."

"அவருக்கு மறுக்கிற பொத்தான் வந்திருக்காது. பாவிக்காட்டில் அது தானாப் போயிடும். அப்பிடித்தான் செய்திருக்கிறம்."

"பொத்தான் போகட்டும். வாய் எங்கை போனது?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நீங்கள் ஒருக்காச் சேரோடை கதையுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னாக் கேப்பார்," என்றாள்.

கதைப்பதாகச் சொன்னான். முதலில் அருளம்பலத்திடம் போனான். அவர் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்கள் ஏன் ஓமெண்டு குத்தினனீங்கள்?"

"எல்லாரும் குத்தியிருந்தாங்கள். நான் மட்டும் குத்தாட்டில் அது மணிக்கொருக்கா 'உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' எண்டு கெஞ்சுது. முந்தியெண்டால் கேற்றடியிலை கதைச்சு நிப்பாட்டியிருப்பம். இப்ப கேற்றைத் திறக்கவே ஆளில்லை." மண்வெட்டியில் ஊன்றி நின்று அவனைப் பார்த்தார். "இவ்வளவு படிச்சனீ, உதுக்குள்ளை ஒரு கேற்று வைக்க மறந்துபோனாயோடா?"

அடுத்தநாள் காலை ஜெயதீபன் தலைவர் வீட்டுக்குப் போனான். தேத்தண்ணி வந்தது. சோமசேகரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் சாய்ந்தார்.

"தம்பி, இத்தனை வரியத்திலை முதல்தரம் உண்மையான ஏகமனது. முந்தி எண்டால் அடுத்தநாள் காலமை ஆரேன் வந்து இருப்பினம். மழையைப் பற்றிக் கதைப்பினம், மாட்டைப் பற்றிக் கதைப்பினம், கடைசியிலை விசயத்துக்கு வருவினம். எனக்கும் விளங்கும்." வாசல் பக்கம் பார்த்தார். "இந்தமுறையும் ஆரேன் வருவினம் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். அந்தச் சின்னனுகளை எழுப்பிறது எனக்கும் ஒருமாதிரித்தான். ஒருத்தரும் வரேல்லை. அப்ப எல்லாருக்கும் சம்மதந்தான் எண்டு ரொறன்ரோவுக்குச் சொல்லிப்போட்டன். இன்னும் காசு அனுப்பேல்லை."

ஜெயதீபன் கோப்பையைக் கீழே வைத்தான். மழையைப் பற்றி ஒரு வசனம் சொன்னான்.

"ஓம், இந்தமுறை பிந்துது," என்றார் அவர். காத்திருந்தார். "அதுசரி, திறப்பு விழாவிலை உம்முடைய இசைவைத்தான் பெரிசா அறிமுகப்படுத்தப் போறம். கொழும்பிலையிருந்து ஆக்கள் வருவினம். உமக்குப் பொன்னாடை. நீர் என்ன அலுவலா வந்தனீர்?"

கொழும்பிலிருந்து யார் யார் வருவார்கள் என்று ஜெயதீபனுக்குத் தெரியும். அந்த முதலீட்டாளர்கள் கை கொடுத்தால் இசைவு இந்தச் சுற்றுவட்டாரத்தைத் தாண்டிவிடும்.

"நிகழ்ச்சி நிரலைப் பற்றிக் கேக்க வந்தனான், சேர்."

சோமசேகரம் அவனை ஒருகணம் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய் நிகழ்ச்சி நிரலை எடுத்துவந்தார்.

மாசக் கடைசியில் தக்சாயினியின் குட்டிக் கதிரைகள் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி அவளுடைய தமையன் வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போயின. பிள்ளைகளில் பாதிப் பேர் வேறிடம் போய்விட்டார்கள். சிலர் எங்கும் போகவில்லை. ஜெயதீபன் அந்த வழியால் போவதை விட்டு, சுற்றிப் போகப் பழகிக்கொண்டான். மண்டபம் கட்டி முடிந்து, விழா சிறப்பாக நடந்தது. மறுப்பே எழாத சபை என்பதை ஜெயதீபன் வரைபடத்தோடு விளக்கினான். கொழும்பிலிருந்து வந்தவர்கள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

விழா முடிந்த கிழமை, அந்தப் பொத்தானை இனி எந்தக் குழுவிலும் மறையாதபடி செய்துவிடுவோம் என்று நிரோஜினியிடம் சொன்னான். ஊர்க்காரரின் பயந்த சுபாவத்தை மென்பொருள் கற்றுக்கொண்டுவிட்டது, அதுதான் பிழை என்று விளக்கமும் சொன்னான். நிரோஜினி அது யார் யாருடைய திரையில் எப்போது மறைந்தது என்று தேடிப் பார்த்தாள். பிறகு கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

பொத்தான் முதலில் மறைந்தது ஜெயதீபனுடைய கைப்பேசியில். மற்றவர்களுடையது மறைவதற்குப் பல மாதங்கள் முன்பு.