தொண்டிக் கடலில் தண்ணீர் குடித்த மேகங்கள்

மூன்று மேகங்கள் சேர்ந்து தொண்டிக் கடலைத் தூக்கியபோது அடித்தரை தெரிந்தது. வெயில் தாங்காமல் நண்டுகள் கண்ணை மூடிக்கொண்டன. அதைப் படம் பிடித்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக இருந்தேன். ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கூட்டிச் சொல்ல அரசாங்கம் விடவில்லை. அந்தக் குறையை ஓய்வுபெற்ற பிறகு வானத்தில் தீர்த்துக்கொள்கிறேன். மழையோ மின்னலோ, எது வந்தாலும் கேமராவோடு கடற்கரையில் நிற்பேன். கூடவே சதக்கத்துல்லா நிற்பார். எனக்கு மாமா முறை. முறையை நாங்களே வைத்துக்கொண்டோம். துபாயில் இருபது வருடம் இருந்து திரும்பியவர், ஜமாஅத்தில் பெரிய மனிதர். தொழும்போது அங்கே இங்கே பார்க்கும் இளவட்டங்களை, "பக்கத்துல பாம்பு வந்தாலும் நான் திரும்ப மாட்டேன்லே" என்று விரட்டுவார்.

போன ஐப்பசியில் ஒரு நாள், சாயங்கால அஸர் தொழுகை நேரம். மாமா மணலில் விரிப்பைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நின்றார். நான் அவருக்கு எதிரே, தள்ளி, மேட்டில் கேமராவோடு. அப்போதுதான் கருமேகத்திலிருந்து ஒரு தும்பிக்கை இறங்கிக் கடலைத் தொட்டது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மேகம் தண்ணீரை உறிஞ்சுவதைப் பாம்பன்காரர்கள் ஒன்றொன்றாகப் பார்த்திருப்பார்கள். மூன்றைச் சேர்த்து யார் பார்த்தது? கேமரா நடுங்கியது. நான் நடுங்கவில்லை.

மாமாவின் தொழுகை அன்றைக்கு வழக்கத்தைவிட நீண்டது. அவர் முடித்ததும் அவரிடம் ஓடினேன்.

"மாமா, பாத்தீகளா?"

"என்னத்த?" என்றார், விரிப்பை உதறியபடி. அதற்குள் கடல் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.

வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று தும்பிக்கைகளும் இருந்தன. கீழே விரிப்பின் மேல் மாமாவும் இருந்தார். முகம் இல்லை; தொப்பியின் பின்பக்கம்தான் தெரிந்தது. மனிதர் முழுசாகக் கடல் பக்கம் திரும்பியிருந்தார்.

அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் இராமநாதபுரத்தில் எங்கள் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சிக்குப் படத்தைக் கொடுத்தேன். சங்கக் கூட்டத்துக்கு மாமாவும் என்னோடு வந்திருந்தார்.

சங்கச் செயலாளர் ஜெயசுதா ஸ்டூடியோ வைத்திருப்பவள். ஒரே பார்வைதான் பார்த்தாள். "சார், இது ஏஐ செஞ்ச மாதிரி இருக்கு. போன வருசம் ஆலங்கட்டி பூசணிக்கா சைசுல விழுந்துச்சுன்னு சொன்னதும் நீங்கதான?"

"பூசணிப் பிஞ்சுன்னுதாம்மா சொன்னேன்."

"கூட இருந்தவுக ஒருத்தர் ஆமான்னு சொல்லட்டும், செவுத்துல மாட்டிருவோம். இல்லைன்னா இது போலிப் படம். சங்கத்துலருந்து உங்க பேரை அடிக்கணும்."

கூட்டம் மொத்தமும் மாமாவைப் பார்த்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"நான் தொழுதுக்கிட்டு இருந்தேம்மா. ஒண்ணும் பாக்கல" என்றார். அதோடு விட்டாரா? "மாப்ள எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாப்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கத்தான் நான் கதையே சொல்வது. அன்றைக்கு மட்டும் அந்தச் சிரிப்பு கத்தியாக இறங்கியது. பதினோரு வருடம் ஒரே குடைக்குள் நின்று என்னோடு மழை பார்த்தவர், கண்ணால் கண்டதை இல்லை என்கிறார். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

"வெட்டாத படம் இருக்குமே சார், காட்டுங்க."

இருந்தது. கையிலிருந்த கேமராவிலேயே இருந்தது. ஆனால் முன்வரிசையில் காஜா நவாஸ் உட்கார்ந்திருந்தான். மாமா விரட்டிய இளவட்டங்களில் ஒருவன்.

"அழிஞ்சுபோச்சும்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"அப்ப பேரை அடிச்சிரவா?"

"அடிச்சிரு." வெட்டாத படத்தைச் சின்னத் திரையில் வரவைத்து, கேமராவை மாமாவின் மடியில் வைத்தேன். "நீங்களே வச்சுக்கங்க மாமா. எனக்கு இனி எதுக்கு?"

மாமா குனிந்து, தன் தொப்பியின் பின்பக்கத்தைத் தானே பார்த்தார். பிறகு எழுந்தார்.

"யம்மா, பேரை அடிக்காத. நான் திரும்பிப் பாத்தேன். தொழுகை முறிஞ்சுபோயி, மறுபடி முதல்லருந்து தொழுதேன்."

காஜா நவாஸ் வாயைப் பிளந்தான். எனக்கு மனம் ஆறவில்லை. நான் மாமா பக்கம் திரும்பவே இல்லை.

"மூணும் நெசந்தானா பாய்?" என்று ஜெயசுதா கேட்டாள்.

"மூணா? நாலும்மா. மாப்ள கேமராவுக்குள்ள வராம தெக்க ஒண்ணு நின்னுச்சு. அதைப் பாக்கத்தான் ரெண்டாந்தடவையும் திரும்புனேன்."