பைலி செத்த செய்தி

கேரளத்துப் பாலா ஊர்க்காரர்கள் காலைப் பேப்பரில் முதலில் திறப்பது செத்தவர்கள் படம் போடும் பக்கத்தைத்தான். மீதிச் செய்தி எங்கும் ஓடிவிடாது.

மத்தாயியின் டீக்கடையில் அன்று அந்தப் பக்கத்தைத் திறந்த பைலி, அங்கே தன் படத்தையே பார்த்தார். கீழே பெயர் மட்டும் அண்ணன் ஔதாவுடையது. அடக்கம் மூன்று மணிக்கு. ரப்பர்த் தோட்டத்து எல்லைத் தகராறில் இருவரும் முகம் பார்த்தே பதினேழு வருஷம் ஆகிறது.

"செத்தாச்சுல்ல சேட்டா, இனி டீல சர்க்கரை போட்டுரலாமா?" என்றான் மத்தாயி.

"படத்துல ஆளு நல்லாத்தான் இருக்கான்," என்றார் பக்கத்து பெஞ்சில் இருந்த குரியன். "நேத்துப் பேப்பர்ல வந்த எருமை மாடியேறுன சேதிக்கு இது எவ்வளவோ தேவலை."

பைலிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. படத்தில் அவர் தோள்மேல் வெட்டுப்பட்ட கை ஒன்று கிடந்தது. வேளாங்கண்ணியில் அண்ணனோடு சேர்ந்து நின்று எடுத்த படம் அது.

"யாரோ தப்பான பாதிய வெட்டிட்டாங்க. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்," என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சாவு வீட்டு வாசலில் அவரைக் கண்டதும் நாலு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பந்தல்காரன் ஏணியோடு ஓடினான். அண்ணி ஏலியாம்மா மட்டும் அசையவில்லை.

"படம் மாறிப்போச்சு அண்ணி."

"மாறலடா. உங்க அண்ணன் செத்தார்னு மட்டும் போட்டிருந்தா நீ வந்திருப்பியா?"

பைலி பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்போதும் அழுகை வரவில்லை.