பயந்தவனைப் பற்றிய கவிதை

ஜேசுபாதம் சாமி விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். கடலோரத் திரேஸ்புரம் தேவாலயத்துக்குப் பங்குசாமியாக வந்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. மாதாமாதம் கோயிலில் அச்சடித்துக் கொடுக்கும் பங்குத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கவிதை எழுதுவார். மீன்கூடை சுமக்கிற பெண்கள், குழாயடிச் சண்டை, பூசையில் தூங்குகிறவர்கள் என்று கண்ணில் பட்டதெல்லாம் அதில் வரும்.

எழுபத்துநாலு மார்ச்சில், சங்கு குளிக்கப் போன கஸ்பார் இறந்துபோனான். ஆழத்தில் இறங்கியவன், மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைக்கவே இல்லை. மேலே இழுத்தபோது காதிலும் மூக்கிலும் ரத்தம். அவனுடைய முப்பதாம் நாள் பூசைக்கு சாமி ஒரு கவிதை எழுதினார். 'அச்சம் அறியாதவன், அலைகளின் அரசன்' என்று அது தொடங்கியது. கஸ்பாரின் மனைவி அற்புதமணியை வரச்சொல்லி அதை வாசித்துக் காட்டினார்.

அவள் முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"இது அவுக இல்ல சாமி. அவுக ரொம்பப் பயந்தவுக" என்றாள்.

பதினோரு வருஷமாக, கடலுக்குப் போகிற காலையெல்லாம் வாசலில் நின்று ஓங்கரித்துவிட்டுத்தான் கஸ்பார் கிளம்புவானாம். கடைசி நாளன்று காது வலிக்கிறது, இறங்கவில்லை என்று தோணி முதலாளி இஞ்ஞாசியாரிடம் சொல்லியிருக்கிறான். அவர் எல்லார் முன்னாலும் கேலி பேசி இறங்க வைத்திருக்கிறார். இப்போது அவரே, 'வேண்டாமென்று தடுத்தும் துணிச்சலில் இறங்கிவிட்டான்' என்று ஊரில் சொல்லித் திரிகிறார்.

"நீங்களும் பயமில்லாதவன்னு எழுதுனா, அவரு சொல்லுதது நெசமாயிரும்லா சாமி?"

சாமிக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை கவிதை எழுதியும், எழுதப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கே அந்தத் தோணியில் போன இருவரைத் தேடிப்போய்க் கேட்டார். அவள் சொன்னது உண்மைதான் என்றார்கள். தங்கள் பேரை மட்டும் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள். அவர் பழைய தாளைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினார்.

சேதி தெரிந்து இஞ்ஞாசியார் சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். திருவிழா சப்பரம் செய்துகொடுத்தவர் அவர். செத்தவனைக் கோயிலில் வைத்துக் கோழை ஆக்குவது நியாயமில்லை என்றார். சாமிக்கு மேலே இருக்கிற ஆயரிடம் புகார் சொல்ல வேண்டிவரும் என்றும் சொன்னார்.

"நாளைக்கு வாசிக்கத்தான் போறேன். நீங்களும் வந்து கேளுங்க" என்றார் சாமி.

மறுநாள் முப்பதாம் நாள் பூசையில், பிரசங்க நேரத்தில் வாசித்தார்:

'வாசலில் நின்று ஓங்கரித்தான்.
வாய் கொப்பளித்தான்.
கடலுக்குப் போனான்.
பதினோரு வருஷம் இப்படித்தான் போனான்.
ஒருநாள் காது வலிக்கிறது என்றான்.
சிரித்தார்கள்.
இறங்கினான்.'

இஞ்ஞாசியார் எழுந்து வெளியே போனார். பின்னால் நின்ற சங்குகுளிக்காரர்களில் ஒருவரும் அவரோடு போகவில்லை. அற்புதமணி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாளில் ஆயர் இல்லத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சாமி அந்தக் கவிதையையே நகலெடுத்து, எந்த வரி பொய் என்று தெரிவிக்கவும் எனக் கீழே எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பருவம் முடிவதற்குள் இஞ்ஞாசியாரின் தோணியில் மூன்று பேர் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி இறங்காமல் இருந்தார்கள். இந்தமுறை அவர் கேலி பேசவில்லை.

அடுத்த பங்குத்தாளுக்கு உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பாதங்களைப் பற்றி எழுத நினைத்தார் சாமி. எழுத உட்காரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் கேட்கப் போனார்.